திருப்பித் தர வேண்டிய பொருள்

அந்த ஒரு வாரம் கிடங்கில் ஆறு லிஃப்ட் சக்கரங்கள் இருப்பதாகக் கம்ப்யூட்டர் காட்டியது. ஐந்து சக்கரங்கள் சரி. ஆறாவது, தையல்காரியின் புருஷன். கம்ப்யூட்டரைக் குற்றம் சொல்ல முடியாது. அதனிடம் சொன்னதைத்தான் அது திருப்பிச் சொன்னது.

சின்னக் கிடங்கு இல்லை அது. தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை. நாற்பது வரிசை இரும்பு ரேக்குகள். ரேக்குக்கு ஐந்து தட்டு. மாடிக் கட்டடங்களில் ஏறி இறங்கும் லிஃப்டுகளுக்கான உதிரிப் பாகங்கள் அத்தனையும் ஒரே நிற அட்டைப்பெட்டிகளில் அங்கே அடைந்து கிடந்தன. முன்பெல்லாம் ஒரு பாகத்தைத் தேடி எடுப்பதற்குள் லிஃப்டில் மாட்டிக்கொண்டவருக்குத் தலை நரைத்துவிடும். ஒரு தடவை பிரேக் கட்டை தேடிப் போன ஒருத்தர் மூன்று நாள் வெளியே வரவில்லை. சாப்பாடு கொண்டுவந்த அவர் பெண்டாட்டி ரேக்குகளுக்கு நடுவே சுற்றிச் சுற்றிக் களைத்து, சாப்பாட்டைத் தானே தின்றுவிட்டுப் போய்விட்டாள். நான்காம் நாள் அவர் கையில் பிரேக் கட்டையோடு வந்தார். கேட்டிருந்தது வேறு அளவு.

அதற்காகத்தான் முதலாளி டேக் வாங்கினார். சட்டைப் பொத்தான் அளவு, வெள்ளை பிளாஸ்டிக், உள்ளே ஒரு பேட்டரி, முதுகில் பசை. பெட்டிக்கு ஒன்று ஒட்டிவிட வேண்டும். அப்புறம் கையில் ஸ்கேனரைப் பிடித்து எண்ணை அழுத்தினால், எந்த மூலையில் இருந்தாலும் அந்த டேக் ‘கீ கீ கீ’ என்று கத்தும். சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனால் பொருள் கையில். மூன்று நாள் வேலை ஒரு நிமிஷத்தில் முடிந்தது. விளக்கும் எரிகிற டேக் கொஞ்சம் விலை கூட. முதலாளி கத்துகிறதை மட்டும் வாங்கினார்.

டேக்கோடு ஒரு கேட்டும் வந்தது. டேக் ஒட்டிய பொருள் சீட்டு இல்லாமல் வாசலைத் தாண்டப் பார்த்தால், மேலேயிருந்து இரும்புக் கம்பிகள் இறங்கிவிடும். சீட்டு போட்டாலோ, பொருள் பின்வாங்கினாலோதான் ஏறும். அதற்கு முகத்தாட்சண்யம் கிடையாது.

தையல்காரியின் புருஷனுக்கு டேக் ஒட்டுகிற வேலை. அதனால் ஒட்டுக்காரர் என்று பெயர். ஒரு நாளைக்கு அறுநூறு பெட்டி. இதில் ஒரு சங்கடம் உண்டு. எல்லாப் பெட்டியிலும் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும். துடைக்காமல் ஒட்டினால் பசை பிடிக்காது. துடைக்க இரண்டு கையும் வேண்டும், ஒரு கை பெட்டியைப் பிடிக்க, ஒரு கை துணியைத் தேய்க்க. அப்படியானால் உரித்த டேக்கை எங்கே வைப்பது? ஒட்டுக்காரர் அதற்கு யாரிடமும் யோசனை கேட்கவில்லை. வீட்டில் பெண்டாட்டி இருபது வருஷமாக உதட்டில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு கால்சட்டைக்கு ஓரம் மடிப்பதைப் பார்த்தவர். அவரும் நாலு நாலு டேக்காக உதட்டில் கவ்விக்கொண்டார்.

முறைப்படி முதலில் ஒட்டி, பிறகுதான் எண்ணைப் பதிய வேண்டும். அறுநூறு பெட்டிக்கு அது ஆகாது என்று, ஒரு தாளில் உள்ள அத்தனை டேக்குகளையும் முதலிலேயே பதிந்துவிட்டு அப்புறம் ஒட்டச் சொல்லியிருந்தார் கிடங்குப் பொறுப்பாளர். அவர் தையல்காரியின் அண்ணன். ஒட்டுக்காரருக்கு இரண்டு வருஷம் வேலையில்லாமல் இருந்தபோது இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அதை அவர் வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் சொல்வதில்லை.

திங்கட்கிழமை பதினோரு மணி. வெயில் தகரத்தில் ஏறி, கொட்டகை அடுப்பாகியிருந்தது. பதினாலாம் வரிசை, இரண்டாம் தட்டு, லிஃப்ட் சக்கரங்கள். ஒட்டுக்காரர் ஆறாவது பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற பெண் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். வண்டியின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற இரண்டு இரும்புக் கைகளால் அவளுக்குக் கொம்பு என்று பெயர்.

“விஷயம் தெரியுமாண்ணே? காலையில முதலாளி போன் பண்ணி, ‘என்னய்யா, இருக்கியா?’ன்னாராம். உங்க மச்சான் கம்ப்யூட்டர்ல பாத்துட்டு ‘இருக்கேன் சார்’ன்னாராம்.”

ஒட்டுக்காரர் லேசில் சிரிக்கிற ஆள் இல்லை. அன்றைக்குச் சிரித்துவிட்டார். உதட்டில் நாலு டேக். மூன்று கீழே விழுந்தன.

பொறுப்பாளரின் அறை கண்ணாடி போட்டது. ஒட்டுக்காரர் வாசலில் நின்று சொன்னார்.

“மச்சான், ஒரு டேக் உள்ள போயிருச்சு.”

“எதுக்குள்ள?”

“எனக்குள்ள.”

பொறுப்பாளர் நாற்காலியை விட்டு எழுந்தார். “என்ன நம்பர்?”

“நாலாயிரத்து நூத்திப் பதினேழு. ஆறாவது சக்கரம்.”

“பதிஞ்சாச்சே அது!”

“வேற டேக் ஒண்ணு ஒட்டிடலாம் மச்சான்.”

“ஒட்டினா கம்ப்யூட்டர்ல ஏழு சக்கரம் ஆகும்.”

“பழைய நம்பரை அழிச்சிடுங்க.”

“அழிச்சா ‘தொலைஞ்சது’ன்னு முதலாளி போன்ல மணி அடிக்கும். வெள்ளிக்கிழமை அவரே ஸ்டாக் எடுக்க வராரு. பதினோரு வருஷம் மாப்ளே. என் கையில ஒரு போல்ட்டு குறைஞ்சதில்ல, ஒரு போல்ட்டு கூடினதில்ல. குறைஞ்சா திருட்டு. கூடினா பழைய திருட்டு.” அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “ஏன்யா, டேக்கை வாயிலயா வைப்பாங்க?”

“உங்க தங்கச்சி ஊசி வைக்கிறா.”

“அவ இருபது வருஷமா வைக்கிறா. ஒண்ணாவது முழுங்கியிருக்காளா?”

ஒட்டுக்காரர் திரும்பி ரேக்குகளுக்குப் போனார். சாயங்காலம் வரை மீதிப் பெட்டிகளுக்கு ஒட்டினார்.

ஆறரை மணிக்கு எல்லாரும் வெளியே போனார்கள். ஒட்டுக்காரர் போகும்போது கம்பிகள் இறங்கின. பின்னால் நகர்ந்தார், ஏறின. முன்னால் வந்தார், இறங்கின. மூன்றாவது தடவையில் கேட் காவல்காரர் கூண்டை விட்டு வெளியே வந்தார்.

“என்னங்க, பையில ஏதாவது வெச்சிருக்கீங்களா?”

“பையில இல்ல.”

விஷயத்தைக் கேட்டதும் காவல்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “அப்ப நீங்க இப்ப கிடங்குச் சரக்கு. சீட்டு இல்லாம எப்படிங்க விடறது?”

பொறுப்பாளர் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காக ஒரு பாகத்தை எடுத்துப் போனால் அதற்கென்று ஒரு சீட்டு உண்டு: ‘திருப்பித் தர வேண்டிய பொருள்.’ வெளியே ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் பொருள் உள்ளே வந்துவிட வேண்டும். வராவிட்டால் முதலாளிக்கு மணி அடிக்கும். ஒரு எண்ணுக்கு ஒரு பெறுநர்தான், நடுவில் ஆள் மாற்ற முடியாது. இந்த விதிகளை எல்லாம் எழுதியவர் பொறுப்பாளரேதான். அப்போது அவருக்கு அதில் ரொம்பப் பெருமை.

தையல்காரிக்குப் போன் போயிற்று. கழுத்தில் அளவு நாடாவோடு வந்து சேர்ந்தாள். காவல்காரர் சீட்டை நீட்டினார். கீழே ஒரு வரி அச்சாகியிருந்தது: ‘மேற்படி பொருளை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.’

“பாத்துட்டுப் போடணுமாங்க?” என்று கேட்டாள்.

“பாத்துட்டுப் போட்டா நல்லதுதான்மா. அப்புறம் கீறல் இருந்தா உங்க தலையில வரும்.”

அவள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற புருஷனை மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போட்டாள். கல்யாணத்தன்றுகூட அவ்வளவு பார்த்ததில்லை.

வீடு இரண்டு அறை. முன்னறையில் ஜன்னல் ஓரம் தையல் மிஷின், அதற்குப் பக்கத்தில் ஓரம் மடிக்க வந்த துணிகள், நடுவில் சாப்பாட்டு மேசை. பொறுப்பாளர் கல்யாணம் செய்துகொள்ளாதவர். இரவுச் சாப்பாடு தங்கை வீட்டில்தான். சாப்பாட்டில் அவருக்கு ஒரு வித்தை உண்டு. அவித்த முட்டையைக் கடிக்க மாட்டார். உரித்ததை அப்படியே வாயில் போட்டு, தலையை ஒரு தூக்குத் தூக்குவார். போய்விடும். பல் அவருக்கு முட்டை விஷயத்தில் வெறும் அலங்காரம்.

அன்று ஸ்கேனரைக் கையோடு கொண்டு வந்திருந்தார். சாப்பிடும் முன் ஒட்டுக்காரரின் பக்கம் திருப்பி அழுத்தினார். மேசைக்குக் கீழே ‘கீ கீ கீ’ என்று கேட்டது.

“இருக்கு,” என்று சொல்லிவிட்டு முதல் முட்டையைப் போட்டார்.

“அண்ணே, அது தானா வந்துடாதா?” என்றாள் தையல்காரி.

“வந்தா கழுவி எடுத்துட்டு வரச் சொல்லு. கம்பெனிப் பொருள்.” இரண்டாவது முட்டை போயிற்று. “மாப்ளே, வீட்ல வாளியில போங்க. தண்ணி ஊத்திடாதீங்க.”

ஒட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே தலையாட்டினார்.

செவ்வாய்க்கிழமையும் காலையில் உள்ளே, சாயங்காலம் வெளியே. வெளியே வந்ததும் தையல்காரி அவரை வீட்டுக்குக் கூட்டிப்போகாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். படம் எடுத்தார்கள். டாக்டர் படத்தை விளக்குக்கு எதிரே பிடித்தார். விலா எலும்புகளுக்குக் கீழே, சட்டையில் பொத்தான் தைத்தது போல டேக் வட்டமாக உட்கார்ந்திருந்தது.

“நகரல. ஒரு மடிப்புல மாட்டியிருக்கு,” என்றார் டாக்டர். “பேட்டரி இருக்கும்மா இதுல. ஓரம் விரிஞ்ச மாதிரி தெரியுது. அங்கேயே இருந்து இருந்து சுடும். ஓட்டை போட்டுடும். இன்னைக்கே படுக்க வெச்சிடுங்க.”

படுக்க வைத்தால் காலையில் ஒன்பது மணிக்கு உள்ளே போக முடியாது. தையல்காரி அண்ணனுக்குப் போன் செய்தாள். அவர் பத்து நிமிஷத்தில் வந்துவிட்டார். மூன்று பேரும் நடையில் போட்டிருந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

“இன்னைக்கே எடுக்கணுங்கறாங்க அண்ணே.”

“எடுக்கலாம்மா. யாரு வேணாங்கறா? வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு ஸ்டாக் முடியுது. மூணு அஞ்சுக்கு நானே கூட்டிட்டு வந்து படுக்க வைக்கறேன்.”

“ஓட்டை போட்டுடுமாம்.”

“டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க. மாப்ளே, சுடுதா?”

ஒட்டுக்காரர் கொஞ்சம் யோசித்தார். “லேசா.”

“கேட்டியா? லேசாத்தான். வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறும்மா. எங்க ஓடியா போயிடப் போகுது?”

“அவரு ரெண்டு நாளா சரியாச் சாப்பிடலண்ணே.”

பொறுப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமாகவே தண்ணீர் வந்திருந்தது. “அப்பா அம்மா போனப்ப உனக்கு ஏழு வயசு. நாந்தானே வளத்தேன்? ஒரு முட்டை இருந்தா பாதி எனக்கு, பாதி உனக்குன்னு குடுத்தவன். இன்னைக்கு என் பதினோரு வருஷத்தை நீயே ஆஸ்பத்திரியில படுக்க வைக்கிறேங்கற.”

அவர் முட்டையைப் பாதியாக்கி யாரும் பார்த்ததில்லை. தையல்காரியும் பார்த்ததில்லை. ஆனால் அந்த நேரத்தில் அதை எடுத்துச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

“ரெண்டாவது கிடங்கு தொறக்கறாங்க,” என்றார் பொறுப்பாளர், இந்தத் தடவை மாப்பிள்ளை பக்கம் திரும்பி. “வெள்ளிக்கிழமை சரியா இருந்தா மேலாளர் நாந்தான். உங்களுக்கு ஒட்டற வேலை கிடையாது. உக்காந்து பாக்கற வேலை. நாற்காலி போட்டுத் தரேன்.”

ஒட்டுக்காரர் தலையைத் தூக்கினார். பதினெட்டு வயதிலிருந்து நின்றுகொண்டே வேலை பார்த்த கால் அவருக்கு. “சாயறதா மச்சான்?”

“சாயறது, சுத்தறது, கை வெச்சது.”

ஒட்டுக்காரர் பெஞ்சை விட்டு எழுந்தார். “வெள்ளிக்கிழமைதானே? மூணு நாளு. வாம்மா போகலாம்.”

தையல்காரி அப்போதும் முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாடிப்படியில் அவர் தடுமாறியபோது கையைப் பிடித்து இறக்கி, வீட்டுக்குக் கூட்டிப்போனவள் அவள்தான். பின்னால் அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை.

புதன்கிழமை கிடங்கில் ஒட்டுக்காரர் ஒரு விளையாட்டாகியிருந்தார். யார் கையில் ஸ்கேனர் இருந்தாலும் நாலாயிரத்து நூற்றுப் பதினேழை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார்கள். அவர் குனிந்தால் கத்தியது, தண்ணீர் குடித்தால் கத்தியது. “அண்ணே, பசிக்குதாம், என்னன்னு கேளுங்க,” என்றார்கள். கழிப்பறைக்குப் போனால் வெளியே நாலு பேர் கூடி அழுத்திவிட்டு, “பொருள் உள்ளதான் இருக்கு!” என்று பொறுப்பாளருக்குக் குரல் கொடுத்தார்கள். எல்லாரையும்விட அதிகம் அழுத்தியவள் கொம்பு. ஒட்டுக்காரரும் சிரித்தார். சிரிக்கும்போது வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். துடைக்க ஒரு கைதான் மிச்சம் இருந்தது. அறுநூறு பெட்டி நானூறு ஆயிற்று.

வியாழக்கிழமை அவர் கஞ்சி குடித்தார். அது திரும்பி வந்தது. அதில் கறுப்பாக என்னவோ இருந்தது, காப்பித்தூள் மாதிரி. மத்தியானம் கொம்பு ஒரு தடவை அழுத்தினாள். சத்தம் வந்தது. அவர் சிரிக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. அவள் அதற்கப்புறம் அழுத்தவில்லை. சாயங்காலம் கேட்டுக்கு வெளியே சீட்டோடு நின்ற தையல்காரியிடம் வந்தாள்.

“அக்கா, அவரு மூஞ்சி தகரம் மாதிரி ஆயிடுச்சு. நாளைக்கு அனுப்பாதீங்க.”

“ஒரு நாள்தானேம்மா.”

“அக்கா...”

“ஒம்பது மணிக்குள்ள கொண்டாந்து விடறேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேனே,” என்றாள் தையல்காரி. அதைச் சொல்லும்போது அவள் கொம்பின் முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. ஸ்டாக் எடுக்கும்போது ஸ்கேனர் அழுத்தினால் சத்தம் சரியான தட்டிலிருந்து வர வேண்டும். ஒரு முழம் தள்ளி வந்தாலும் ‘இடம் மாறிய பொருள்’ என்று எழுதுவார்கள். அதனால் பொறுப்பாளர் எட்டு மணிக்கே ஒட்டுக்காரரைப் பதினாலாம் வரிசை இரண்டாம் தட்டில் ஏற்றி, ஆறாவது சக்கரத்தின் பெட்டிக்குப் பின்னால் குந்தவைத்து, லிஃப்ட் மோட்டார் வந்த பெரிய அட்டைப்பெட்டியை அவர் மேல் கவிழ்த்தார். மூச்சுக்கு இரண்டு ஓட்டை போட்டார். மனிதாபிமானம் இல்லாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது.

“அசையக் கூடாது மாப்ளே.”

“மச்சான், நாற்காலி...”

“திங்கக்கிழமை வருது.”

முதலாளியும் கணக்கெடுக்கிறவரும் முதல் வரிசையிலிருந்து தொடங்கினார்கள். பதினாலாம் வரிசைக்கு வரும்போது மணி ஒன்று. கணக்கெடுக்கிறவர் அழுத்தினார். ஐந்து சக்கரங்கள் கத்தின. ஆறாவதும் கத்தியது, கிணற்றுக்குள்ளிருந்து கத்துகிற மாதிரி.

“இது மட்டும் ஏன் சத்தம் கம்மி?”

“பேக்கிங் சார்,” என்றார் பொறுப்பாளர். “டபுள் பேக்கிங்.”

முதலாளி பெட்டியைத் தட்டிப் பார்த்தார். “இப்படித்தான்யா பேக் பண்ணணும்,” என்றார்.

மூன்று மணிக்குக் கணக்கு முடிந்தது. குறைவும் இல்லை, கூடுதலும் இல்லை. கைதட்டினார்கள். டீயும் பிஸ்கட்டும் வந்தன. முதலாளி பேசினார். பொறுப்பாளரைப் பேசச் சொன்னார். பொறுப்பாளர் பதினோரு வருஷத்தையும் வருஷம் வருஷமாகப் பேசினார். ஐந்தாவது வருஷம் நடக்கும்போது கொம்பு டீயை வைத்துவிட்டு எழுந்து போனாள். யாரையும் கேட்காமல் வண்டியை எடுத்தாள். அட்டைப்பெட்டியைத் தூக்கிவிட்டு, ஒட்டுக்காரரை ஒரு மரப்பலகையில் கிடத்தி இறக்கினாள். அவர் சட்டை பிழிந்தால் தண்ணீர் வரும் போலிருந்தது. வயிறு பலகையாக இருந்தது.

“ஆறும் இருந்துதா?” என்று கேட்டார்.

“இருந்துதுண்ணே. ஆறும் இருந்துது.”

பலகையோடு வண்டியில் வைத்து கேட்டுக்குக் கொண்டுபோனாள். கம்பிகள் இறங்கின. வெளியே தையல்காரி மூன்று ஐந்துக்காகக் காத்து நின்றாள். காவல்காரர் சீட்டை நீட்டினார். கையெழுத்து இல்லாமல் கம்பி ஏறாது. தையல்காரி வரியை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தாள்: “மேற்படி பொருளை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.” போட்டாள். கம்பிகள் ஏறின.

சனிக்கிழமை மத்தியானம் ஒட்டுக்காரர் இறந்துபோனார். டாக்டர் வயிற்றைத் திறந்து தன்னால் ஆனதைப் பார்த்திருந்தார். மூன்று நாள் முன்னால் என்றால், என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். ஒரு சின்னச் சீசாவைத் தையல்காரியின் கையில் கொடுத்தார். அதற்குள் டேக் இருந்தது. ஓரம் கறுத்திருந்தது. மற்றபடி முழுசு. இரண்டு வருஷம் உழைக்கும் என்று விற்றவன் சொன்னதில் பொய் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அடக்கம். பொறுப்பாளர் எல்லாருக்கும் முன்னால் நின்று அழுதார். வருகிறவர்கள் உட்கார வேண்டுமே என்று கிடங்கிலிருந்து ஒரு நாற்காலி அனுப்பியிருந்தார். சாய்கிறது, சுற்றுகிறது, கை வைத்தது. எல்லாரும் போன பிறகு அதில் அவரே உட்கார்ந்தார்.

“ஒரு விஷயம்மா,” என்றார். “இந்த நேரத்துல கேக்கக் கூடாது. அந்த டேக்கு...”

தையல்காரி அடுப்பில் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தாள். “இருக்குண்ணே.”

“சீட்டு பாக்கி நிக்குது. சனிக்கிழமை வரணும், நீட்டிச்சேன். ஞாயித்துக்கிழமையும் நீட்டிச்சேன். ரெண்டு தடவைக்கு மேல நீட்ட முடியாது, அந்த விதியும் நாந்தான் எழுதித் தொலைச்சேன். நாளைக்கு ஒம்பது மணிக்குள்ள உள்ள வரலேன்னா முதலாளிக்கு மணி அடிச்சிடும். போன மனுஷன் போயாச்சு. இருக்கறவங்க வேலையாவது...”

“நாளைக்கு ஒம்பது மணிக்குள்ள உள்ள வந்துடும். நான் பொறுப்பு.”

“இப்பவே குடுத்துடேன்.”

“சாப்பிடுங்கண்ணே. தரேன்.”

அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று முட்டை உரித்தாள். தையல் பிரிக்கிற சின்னக் கத்தி பக்கத்தில் இருந்தது. காலியான சீசாவும் இருந்தது. இருபது வருஷமாக ஓரம் மடித்த கை. எங்கே வெட்டினாள், எங்கே சேர்த்தாள் என்று சொன்னால்கூடக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு முட்டையைத் தட்டில் வைத்து அண்ணன் முன்னால் வைத்தாள்.

பொறுப்பாளர் நாற்காலியில் சாய்ந்து, ஒன்றை வாயில் போட்டுத் தலையைத் தூக்கினார். போயிற்று. இரண்டாவதையும் போட்டார். ஒரு கணம் தொண்டையில் நின்று, அப்புறம் போயிற்று. தண்ணீர் குடித்தார்.

“மஞ்சக்கரு நல்லா வெந்துபோச்சு,” என்றார்.

“ரொம்ப நேரம் வெச்சிட்டேண்ணே.”

அவர் கை கழுவிவிட்டு வந்து உள்ளங்கையை நீட்டினார். “எங்க, குடு.”

“குடுத்துட்டேனே.”

“யார்கிட்ட?”

“யாரு உள்ள கொண்டுபோகணுமோ அவங்ககிட்ட. நீங்க கவலைப்படாமப் போங்க.”

அடக்கத்துக்குக் கொம்பு வந்திருந்ததை அவர் பார்த்திருந்தார். அவளிடம் கொடுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை எட்டு ஐம்பதுக்குப் பொறுப்பாளர் கேட்டுக்குள் நுழைந்தார். உள்ளே வருவதைக் கேட் தடுப்பதில்லை, பதிந்துகொள்வதோடு சரி. அறைக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் பார்த்தார். ‘நாலாயிரத்து நூற்றுப் பதினேழு: திரும்பி வந்தது’ என்று காட்டியது. நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். என் தங்கச்சி சொன்னால் சொன்னதுதான் என்று காவல்காரரிடம் சொல்லிவிட்டு, டேக்கை வாங்கிச் சக்கரத்துப் பெட்டியில் ஒட்டிவிடலாம் என்று கொம்பிடம் போனார்.

“எங்கிட்ட யாரும் எதுவும் குடுக்கலையே,” என்றாள் கொம்பு.

பொறுப்பாளர் ஸ்கேனரை எடுத்து அழுத்தினார். பக்கத்தில் எங்கேயோ கத்தியது. கொம்பின் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். அங்கேயும் கத்தியது. பதினாலாம் வரிசைக்குப் போனார். அங்கே கத்தியது. முப்பதாம் வரிசையில் கத்தியது. ஏணி வைத்து ஐந்தாம் தட்டுக்கு ஏறினார். டேக்கும் ஏறியது போலிருந்தது. பெட்டிகளைப் பிரித்தார், பையை உதறினார், செருப்பைக் கழற்றித் தட்டினார். மத்தியானம் வரைக்கும் தானே அழுத்தித் தானே தேடினார். வேலையாட்கள் பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால் கொம்புக்குப் புரிந்துவிட்டது. அவள் வண்டியின் ஸ்டீரிங்கில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு ஸ்கேனர் அவர் கையிலிருந்து நழுவி வயிற்றில் இடித்து அழுந்தியது; சத்தம் அங்கேயிருந்துதான் வந்தது. அப்போதுதான் அவர் தேடுவதை நிறுத்தினார்.

கேட்டுக்கு ஓடினார். கம்பிகள் இறங்கின.

முதலாளிக்குச் சொல்லலாம். இதைச் சொன்னால் வெள்ளிக்கிழமையையும் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரம் அவர் சொல்லாமல் கேட்டுக்கு முன்னால் நடந்தார். சீட்டு எழுதலாம். எழுதினார். ஆனால் அந்த எண்ணுக்குப் பெறுநர் என்று ஏற்கெனவே ஒரு பெயர் பதிந்திருந்தது. ஆள் மாற்ற முடியாது.

காவல்காரர் சீட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு தையல்காரியின் வீட்டுக்குப் போனார். அவள் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து யாருடைய கால்சட்டைக்கோ ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். உதட்டில் நாலு குண்டூசி.

“அம்மா, உங்க அண்ணன் உள்ள மாட்டிக்கிட்டாரு. ஒரு கையெழுத்து வேணும். உடனே ஆஸ்பத்திரி போகணுமாம்.”

அவள் துணியைப் பார்த்தபடியே என்ன என்பது போலத் தலையை அசைத்தாள்.

“வயித்துல சுடுதாம். லேசா.”

தையல்காரி உதட்டிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள்.

“இன்னைக்கு என்ன கிழமைங்க?”

“திங்கம்மா.”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்க,” என்றாள். “எங்க ஓடியா போயிடப் போகுது?”

காவல்காரர் சீட்டை மேசையில் ஊசிகளுக்குப் பக்கத்தில் வைத்தார். அவள் ஊசிகளை எடுத்து மறுபடி உதட்டில் கவ்விக்கொண்டாள். நாலும் இருந்தன.